புத்தகம் இந்தக் கரையில், மெசின் அந்தக் கரையில்

நடந்தவை, வரிசையாக:

1. பங்குனியில் அறுவடை முடிந்ததும், ஊரில் எல்லாரும் மாமி என்று கூப்பிடும் ஒரு கைம்பெண் நாலு மூடை விதைநெல்லை எங்கள் கமக்காரர் சங்கக் களஞ்சியத்தில் வைத்தார்.
2. சித்திரையில் அந்த நாலு மூடையையும் வாவிக்கு அப்பால், படுவான்கரையில், சிறுபோகம் என்ற கோடை வேளாண்மை செய்யும் ஒருவருக்கு இரவல் கொடுத்தோம்.
3. ஈடாக, அவருடைய லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் பதிவுப் புத்தகத்தை வாங்கி இரும்பு அலுமாரியில் பூட்டினேன்.
4. புரட்டாதி முடிவதற்குள் நாலு மூடையும், மூடைக்கு ஒரு மரைக்கால் அளவு நெல் மேலதிகமும் தர வேண்டும் என்று கையெழுத்து வாங்கினேன்.
5. புரட்டாதி நடுவில் படையினர் பாதையை நிறுத்தினார்கள். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டைப் படகைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம்.
6. ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் மழை தொடங்கியது.

மழை தொடங்கினால் மாமி விதைத்தாக வேண்டும். இரண்டு கிழமை பிந்தினால் அவருடைய வாவியோரத்து நாலு ஏக்கரும் வெள்ளத்துக்குள் போய்விடும். அவருக்கு வேறு வயல் இல்லை. வேறு விதையும் இல்லை.

இரவல் விதிகளை எழுதியவள் நான். கணக்கியலில் தொழில்நுட்பக் கல்லூரி டிப்ளோமா முடித்த பிறகு, கொழும்பில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் ஆறு மாதம் பயிற்சியில் இருந்தேன். பங்குகளை இரவல் கொடுப்பதைக் கண்காணிக்கும் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். ஒருவருடைய பங்குகள் சும்மா கிடக்கும். இன்னொருவருக்குச் சில நாட்களுக்கு அவை தேவைப்படும். நிறுவனம் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கும். திரும்பி வர வேண்டியது அதே நிறுவனத்தின் அதே எண்ணிக்கைப் பங்குகள். வாங்கியவர் முறிந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் அந்த மேசையின் ஒரே கவலை. ஒருவருக்கே அளவுக்கு மிஞ்சிக் கொடுக்க மாட்டார்கள். கொடுத்ததன் பெறுமதியைவிடக் கூடுதலான ஈடு வாங்குவார்கள். இரண்டின் விலையையும் தினமும் பார்ப்பார்கள். ஈடு குறைந்துவிட்டால் அன்றைக்கே மேலதிகம் கேட்பார்கள். தராவிட்டால் ஈட்டை விற்று, அந்தக் காசில் அதே பங்கைச் சந்தையில் வாங்கி, உடையவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். உடையவருக்கு நடந்தது தெரியவும் வராது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. பங்குனியிலிருந்து ஐப்பசி வரை களஞ்சியத்தில் சும்மா கிடக்கும் விதைநெல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த மேசை ஞாபகம் வந்தது. அதே விதிகளைத் தமிழில் எழுதித் தலைவரிடம் கொடுத்தேன். பங்கு இருந்த இடத்தில் நெல். சந்தை விலை இருந்த இடத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மில்லில் நான் கேட்டு எழுதும் விலை. ஆவணியில் விதைநெல் விலை ஏறியபோது எங்கள் கரையில் ஒருவரிடம் மேலதிக ஈடு கேட்டேன். அவர் முணுமுணுத்தபடி தண்ணீர்ப் பம்பைக் கொண்டுவந்து வைத்தார். தலைவர் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார்.

மழை தொடங்கிய அன்று காலை மாமி குடையோடு களஞ்சியத்துக்கு வந்தார்.

"என்னகா புள்ள, என்ர விதை எங்க?"

"பாதை நிக்குது மாமி. அவரால வர ஏலாது."

"நான் அவரிட்ட குடுக்கல்ல. உன்னிட்டத்தான் குடுத்தன்."

அது சரி. நான் அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். இதன் பெறுமதி உங்கள் நாலு மூடையைவிடப் பலமடங்கு என்று விளக்கினேன். மாமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இத விதைச்சா முளைக்குமா?"

மூடை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. "நீ எழுதின விதிதானே புள்ள. ஈட்ட வித்துப்போட்டு நெல் வாங்கு" என்றார்.

அன்றைக்கே மூன்று பேரிடம் கேட்டேன். முதல் இருவரும் தலையாட்டி மறுத்தார்கள். மூன்றாமவர் கடைத்தெருவில் உழவு இயந்திரங்கள் வாங்கி விற்பவர். புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "மெசின் எங்க கிடக்கு?" என்றார்.

"படுவான்கரையில."

"அப்ப இந்தப் புத்தகத்துக்கு ரெண்டு சில்லு பூட்டித் தாங்க. நான் ஓட்டிக்கொண்டு போறன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது என் கணக்குக் கொப்பியின் பத்திகளை மனதுக்குள் ஓட்டினேன். பெயர், மூடை, ஈடு, பெறுமதி, திகதி. ஈடு எந்தக் கரையில் இருக்கிறது என்பதற்குப் பத்தி இல்லை. கொழும்பில் அது தேவைப்படவில்லை. பங்குகளெல்லாம் ஒரே இடத்தில் பதிவாகியிருந்தன. அவற்றுக்குக் கரை கிடையாது. இங்கே பாதை நின்றால் ஆளும் வர மாட்டார், ஈடும் வராது. இரண்டும் ஒரே நாளில் போய்விடும். உழுவதற்கு மெசின் தேவை, புத்தகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று இரவல் வாங்கிய அன்று அவர் கேட்டபோது நானும் ஓம் என்று சொல்லியிருந்தேன். சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு ஒரு போட்டோகொப்பியும் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

களஞ்சியத்தில் இருந்த மற்ற மூடை ஒவ்வொன்றுக்கும் உடையவர் இருந்தார். மேலதிக மரைக்கால்களில் சங்கத்துக்கென்று சேர்ந்தது ஒன்றரை மூடை. அதைத் தலைவரின் கையெழுத்தோடு மாமிக்குக் கொடுத்தேன். மாமி ஒன்றரை ஏக்கரில் விதைத்தார். மிச்சம் இரண்டரை ஏக்கரையும் உழுது வெறுமையாக விட்டுவிட்டு, தினமும் காலையில் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். குடையை மடித்து மேசை மேல் வைப்பார். அதன் தண்ணீர் என் கொப்பியை நோக்கி வரும். நான் கொப்பியை நகர்த்துவேன்.

பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுக்கு மட்டும் கிழமைக்கு ஒரு தரம் தோணியில் அக்கரைக்குப் போக அனுமதி இருந்தது. அவரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்திலேயே பதில் வந்தது: "நெல் கட்டி வச்சிருக்கன். பாதை விட்டா அண்டைக்கே வாறன். புத்தகம் அவசரம்."

மழையின் பதினோராம் நாள், பாதை மூன்று மணித்தியாலத்துக்கு ஓடும் என்று செய்தி வந்தது. மாமியும் நானும் துறைக்குப் போனோம். புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருந்தேன்.

முதல் தரம் நோயாளிகள் வந்தார்கள். இரண்டாம் தரம் ஆடுகளும் விறகும் வந்தன. படுவான்கரைக்காரர் மூன்றாம் தரம்தான் வந்தார். சாவடியில் நாலு மூடையையும் இறக்கச் சொன்னார்கள். கம்பியால் குத்திப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் படங்கு விரிப்பில் கொட்டச் சொன்னார்கள். கொட்டி முடிக்கும்போது மழை இரைந்துகொண்டு வந்தது. படங்கின் மறுபாதியை இழுத்து மூட அவர் ஓடினார். மூடும்போதே நெல் ஊறிவிட்டது.

மீண்டும் மூடையில் அள்ளிக்கொண்டு எங்களிடம் வந்தபோது அவருடைய சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி, உங்கட கொப்பி நனையல்லதானே?" என்று சிரித்தார்.

என் விதிப்படி ஈரநெல்லை ஏற்க முடியாது. நூறு மணியை ஈரத்துணியில் வைத்து குறைந்தது எண்பத்தைந்து முளைத்தால்தான் திருப்பியதாகக் கணக்கு. அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். பாதைக்கோ அரை மணித்தியாலம்தான் இருந்தது.

மாமி மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். "எடு புள்ள. எப்பிடியும் ஊறப்போட்டு, முளை கட்டித்தானே வீசப்போறன். வயலும் சேறாத்தான் கிடக்கு."

"முளைக்காட்டி?"

"முளைக்காட்டி அப்ப பாப்பம்."

அப்போது படுவான்கரைக்காரர் என் கைப்பையைப் பார்த்தார். "புத்தகத்தத் தாங்க தங்கச்சி. சாவடியில இப்ப போட்டோகொப்பிய ஏத்துக்கிறானுகள் இல்ல. புத்தகம் இல்லாம மெசின றோட்டில இறக்க ஏலா. நாலு நாளா வீட்டுக்குப் பின்னால கிடக்கு. எனக்கும் விதைக்க வேணுமே."

"இரண்டு நாள் பொறுங்க அண்ணன். முளையப் பாத்திட்டுத் தாறன்."

"ரெண்டு நாளில பாதை ஓடுமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"மருத்துவமாதிட்ட குடுத்து விடுறன்."

"நான் கொண்டுவரல்லயா? சொன்ன மாதிரி வரல்லயா?"

"குடு புள்ள" என்றார் மாமி.

ஒருமுறை ஈட்டைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டேன். அதன் பலன் மாமி என் எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை காலைகள். இன்னொரு முறை பார்க்காமல் விடக்கூடாது என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. பாதைக்காரர் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். படுவான்கரைக்காரர் நடந்துபோய் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் துணியை விரித்து எண்ணினேன். எண்பத்தொன்பது. அன்று பின்னேரமே மாமி மிச்ச வயலில் முளைநெல் வீசினார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மருத்துவமாதின் வீட்டுக்குப் போனேன். தோணிக்கான அனுமதியை முந்தின நாளே மீளப் பெற்றுவிட்டார்கள் என்று அவர் சொன்னார்.

இன்றைய நிலை இது. நாலு ஏக்கரும் விளைந்து, மாமி தை கடைசியில் வெட்டினார். அடுத்த போகத்துக்கென்று நாலு மூடையைத் திரும்பக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார். கொப்பியில் கரைக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். படுவான்கரைக்காரரின் கணக்கில் பாக்கி எதுவும் இல்லை. பாதை இன்னும் ஓடவில்லை. அவர் அந்தப் போகம் விதைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய புத்தகம் சங்கத்தின் இரும்பு அலுமாரியில், இரண்டாம் தட்டில், பொலித்தீன் பையில் இருக்கிறது. அதன் பூட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது.