வகுப்பில் பேசாத பிள்ளையின் குரல்பதிவு

நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் ஒன்றுக்கு நான் ஆசிரியை. அந்த வருடம் என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். சொன்னதை எழுதுவாள், கேட்டதை வரைவாள், வாயை மட்டும் திறக்க மாட்டாள். பெயரைக் கேட்டால்கூடக் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்ப்பாள். பெற்றோர் கூட்டம் நெருங்கியது. அதற்கு முன்பே தாயின் காதில் போட்டுவைப்போம் என்று அழைத்தேன்.

“புள்ள ஒரு வார்த்த பேச மாட்டேங்குதும்மா. வீட்லயும் இப்பிடித்தானா?”

மறுமுனையில் சிரிப்பு. “எங்க புள்ளயா டீச்சர்? வீட்ல வாய மூடுனா போதும்னு இருக்கு. நம்ப மாட்டீங்க. இருங்க, அனுப்புறேன்.”

அன்று மாலையே குரல்பதிவு வந்தது. எனக்கு அல்ல, கை தவறி, வகுப்புப் பெற்றோர் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கு.

பசறை பஸ்ஸில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக் கேட்டேன். பிள்ளை டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். மாணவர் ஒருவர்தான்: தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் அவளுடைய அப்பா.

“டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்” என்றது கனத்த ஆண்குரல்.

“இப்பத்தானே போயிட்டு வந்தீங்க? உக்காருங்க! ஐயோ கடவுளே, இந்தப் புள்ளைங்களோட என்னால முடியல!”

அந்த ‘ஐயோ கடவுளே’ என்னுடையது. அதற்கு முன் விட்ட பெருமூச்சும் பின்னால் வந்த செருமலும்கூட என்னுடையவையே. குழுவில் அதற்குள் சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டியிருந்தன. “அச்சு அசல் நம்ம டீச்சர்” என்று ஒருவர் எழுதி, அவசரமாக அழித்தார்.

தாய் பதறிப்போய் அழைத்தாள். “பரவால்லம்மா, புள்ள பேசுதே, அது போதும்” என்று கௌரவமாகச் சொல்லத்தான் நினைத்தேன். நடுவில் அந்தச் செருமல் வந்துவிட்டது. மறுமுனையில் ஒரு சிரிப்பு பாதியில் அறுந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

கூட்டத்தன்று எல்லாரும் அளவுக்கு மீறிய மரியாதையோடு வந்திருந்தார்கள். பிள்ளைகளின் குட்டி வாங்கில் அந்த அப்பா முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தாயோடு மகள், வழக்கம்போல ஊமையாக. அவளுடைய எழுத்து எவ்வளவு திருத்தமானது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் போன் அலறியது. எடுத்துவிட்டார்.

“ஆமாங்க, லொறி கீழ் மலையிலதான் நிக்கிது...”

“வகுப்புல போன் பேசக் கூடாது!”

கணீரென்ற பிஞ்சுக் குரல். அப்பா போனை அணைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். வகுப்பறை சிரிப்பில் அதிர, அவள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போச்சு, இனி வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முதல் ஆளாக என் மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், அப்பா நேத்து செஞ்சது தப்பு. வீட்ல போயி சொல்லிட்டேன். இனிமே செய்ய மாட்டாராம்.”

என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. “வேற என்னம்மா சேட்ட பண்றாரு அப்பா?” என்று கேட்டேன். மணி அடிக்கும்வரை சொன்னாள்.