பாவின் மேல் விழுந்து அழ மாட்டேன்

எனக்கு நடிக்கத் தெரியாது என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். எனக்கு உணர்ச்சி இல்லை என்று சொன்னவர்களை மட்டும் மன்னிப்பதாக இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு நாடக மன்றம் இருந்தது. அமாவாசையன்று நாங்கள் தறியில் உட்கார மாட்டோம். அதனால் அன்று மத்தியானம் மூன்று மணிக்கே பந்தலில் நாடகம் தொடங்கிவிடும். நாடகங்களை எழுதி நடத்தியவர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நடித்தவர்களில் பாதிப் பேர் நெசவாளிகள். என் வீட்டுக்காரர் திரை இழுப்பவர். ஒத்திகையில் கேட்ட வசனங்களை அவர் வீட்டில் வந்து சொல்ல, நான் தறியில் உட்கார்ந்தபடி அவற்றை உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் பேச்சு.

அந்த வருஷ நாடகம் ஒரு நெசவாளி குடும்பத்தைப் பற்றியது. வழக்கமாகப் பெண் வேஷம் கட்டும் வாலிபருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மீசையை எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். "வசனமெல்லாம் எங்க வூட்ல இருக்கறவளுக்கு மனப்பாடம்பா" என்று என் வீட்டுக்காரர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் மேடையேறினேன். எங்கள் தெருவிலிருந்து மேடையேறிய முதல் பெண் நான்தான். மாமியார் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று அந்தப் பத்து நாளும் வசனம் படித்தேன்.

கடைசிக் காட்சியில், கணவன் இறந்த சேதி வரும்போது என் வேஷமான அந்த மனைவி நெய்துகொண்டிருக்கிறாள். எங்கள் தறி குழித்தறி. மேடையில் குழி தோண்டவா முடியும்? இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வீணாய்ப்போன ஒரு பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். "பாவு மேல விழுந்து கதறணும்" என்று குமாஸ்தா சொல்லியிருந்தார். நானும் தலையாட்டி வைத்திருந்தேன்.

நாடகத்தன்று மேடையில் அந்தச் சேதி வந்தது. நாடகம் என்பதே எனக்கு மறந்துபோனது. கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த துணியை எடுத்துப் பாவை மூடியது. பிறகு தள்ளிப் போய், பந்தல் கம்பத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். யோசித்துச் செய்ததில்லை. பட்டுப் பாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சேலையில் கறையாகக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே விழுந்தால் இழை அறும், ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். சின்ன வயதில் அடிவாங்கிப் படித்த பாடம் அது. பின்வரிசை நெசவாளிப் பெண்கள் மூக்கைச் சிந்துவது மேடைவரை கேட்டது.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. நாடகத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக்கூட அறை ஒன்றில் அபிப்பிராயக் கூட்டம் நடக்கும். பார்த்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். நடித்தவர்கள் கைகட்டி நின்று கேட்க வேண்டும், பதில் பேசக் கூடாது. பார்த்தவர்கள் என்றால் முன்வரிசையில் உட்காரும் படித்தவர்கள் என்று அர்த்தம். நெசவாளிகள் வருவார்கள், சுவரோரம் நிற்பார்கள், வாய் திறக்காமல் திரும்பிப் போவார்கள்.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் என் பக்கம் விரலை நீட்டினார். "புருஷன் செத்த சேதி கேட்டதும் துணியை எடுத்து மூடுறா. இவ என்ன கடையா சாத்துறா? துளிக்கூட உணர்ச்சி இல்லை. மரக்கட்டை." எல்லோரும் சிரித்தார்கள்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"நடிக்கிறவங்க பேசக் கூடாதும்மா" என்றார் குமாஸ்தா. "அடுத்த அமாவாசைக்குச் சின்ன காஞ்சிபுரத்துல போடறோம். பாவு மேல விழுந்து அழணும். சரின்னு சொல்லு."

"மாட்டேன்."

"அப்ப மெட்ராஸ்லேருந்துதான் ஆளைக் கூட்டியாரணும்."

"கூட்டிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீறாப்பெல்லாம் தெருமுனைவரைதான். வீட்டுக்கு வந்து குமுறிக் குமுறி அழுதேன். அந்த வேஷத்தின் மேல் உயிரையே வைத்திருந்தேன். கோபம் முழுவதும் என் வீட்டுக்காரர் மேல் பாய்ந்தது. "செவுத்தோரமா நின்னுக்கினு இருந்தியே, வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"அவங்கல்லாம் படிச்சவங்கமே" என்றார்.

"படிச்சவங்க என்னிக்குத் தறியில குந்தினாங்க?"

அவர் நூல் சுற்றப் போய்விட்டார்.

அடுத்த அமாவாசைக்கு நானும் சின்ன காஞ்சிபுரம் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். போகாமல் இருக்க மனசு கேட்கவில்லை. மெட்ராஸ் நடிகை நன்றாகவே நடித்தார். எனக்கு வயிறு எரிந்தது. கடைசிக் காட்சியில் சேதி வந்ததும், அந்த அம்மாள் "ஐயோ" என்று அலறிக்கொண்டு தொப்பென்று பாவின் மேல் விழுந்தார்.

"யம்மா, பாவு! பாவு! ஏந்திரு!"

முதல் குரல் திரையோரத்திலிருந்து வந்தது. என் வீட்டுக்காரருடைய குரல்! அடுத்த நொடி பின்வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. "இழ அறுது!" "நனையுது பாரு!" "யாருனா தூக்குங்கப்பா!" அது வீணாய்ப்போன பாவு என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவராலும் உட்கார முடியவில்லை. என் வீட்டுக்காரர் பதற்றத்தில் கயிற்றை விட்டுவிட, திரை தானாக இறங்கிவிட்டது. நாடகம் அத்தோடு முடிந்தது.

மேடைக்குப் பின்னால் போனேன். மை கலைந்த முகத்தோடு அந்த நடிகை மூலையில் உட்கார்ந்திருந்தார். "சொன்ன மாதிரிதானே செஞ்சேன்? இன்னாங்க தப்பு பண்ணேன்?" என்று என்னிடம் கேட்டார். பாவைப் பற்றிச் சொன்னேன். "இத்த ஒருத்தர்கூட எனக்குச் சொல்லலியே" என்றார். என் வயிற்றெரிச்சல் அந்த இடத்திலேயே தணிந்துவிட்டது. அவரை மாட்டிவைத்தவர்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். நேராக முன்வரிசைக்குப் போய், வாத்தியாருக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நடித்தவர்கள்தானே பேசக் கூடாது? இந்த முறை நான் நடிக்கவில்லை, பார்த்தேன். வாத்தியார் பின்வரிசையை ரசனை கெட்ட கூட்டம் என்று திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு எழுந்தேன்.

"அவ புருஷன் போயிட்டான். ரெண்டு புள்ளைங்க இருக்குது. அந்தப் பாவு ஒண்ணுதான் சார் அவளுக்கு மிச்சம். அதும் மேல வுழுந்து அறுத்துட்டா, நாளைக்கு அதுங்களுக்கு இன்னாத்த ஆக்கிப் போடுவா? அழறதுக்கு முன்னாடி அத்த மூடறா பாருங்க, அங்கியே அவ அழ ஆரம்பிச்சிட்டா சார்."

சுவரோரத்திலிருந்து "ஆமா" என்றது ஒரு குரல். இன்னொரு குரலும் சொன்னது. அப்புறம் பல குரல்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

குமாஸ்தா என் பக்கம் திரும்பினார். "சரிம்மா, வேஷம் இனிமே உனக்குத்தான். உன் இஷ்டப்படியே அழு" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இதை அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு ரகளை வந்திருக்குமா?" என்று என்னையே குற்றம் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்.

"சொல்ல வுட்டீங்களா?"