காளி நதிக்கு ஜீனத் வரவில்லை

ஹாலிலிருந்து ஆற்றின் இரைச்சல் கேட்டது. அதற்கு மேலாகப் பெண்களின் அலறல். அலறல் மெல்லச் சிரிப்பாக மாறியது. அந்தச் சிரிப்புக்குள் தன் குரலும் கலந்திருப்பதை, அடுப்படியில் நின்றிருந்த ஜீனத்துன்னிசா கேட்டாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“அக்கா, இங்க வந்து பாரேன்! உன் ஹெல்மெட்டு மூக்கு மேல வந்து நிக்குது!” என்று ஹாலிலிருந்து கத்தினாள் செந்தமிழ்ச்செல்வி. போன வருஷத்து வீடியோவை செல்போனில் மறுபடி மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

“நீயே பாத்து சிரி. டீ வருது.”

செல்வி எதற்காக ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள் என்பது ஜீனத்துக்குத் தெரியும். அடுத்த மாதம் காளி நதிக்குப் போவதற்கு நாள் குறிக்கத்தான். அவளிடம் சொல்ல வேண்டிய பதிலைக் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் அது வாயில் வரவில்லை.

முல்லா வீதியில், மாடியில் இருக்கும் இந்த இரண்டு அறைகளில் ஜீனத் தனியாகத்தான் இருக்கிறாள். கல்யாணமான மறுவருஷமே கணவர் பிரான்சுக்குப் போனார். பேப்பர் வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்றார். அவள் ஒரு பெட்டியில் துணிகளை அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாரிசில் அவருக்கு வேறொரு குடும்பம் இருப்பதாக ஒரு கல்யாண வீட்டில் யாரோ சொன்னார்கள். அன்று பந்தியில் கடைசி வரை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து, பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் எடுத்து வைத்தாள். அழவில்லை. அழுதால் கேட்க யார் இருந்தார்கள்?

அப்புறம் பிஸ்கட் கம்பெனி. பேக்கிங் லைனில் சேர்ந்து, அதே லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். சேர்ந்த புதிதில், பக்கத்தில் நின்ற பெண்ணின் விரல் கவரை ஒட்டும் மெஷினில் மாட்டிக் கருகியதைப் பார்த்தவள் அவள். அதனால் தன் லைனில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒரு கை நின்றால் எல்லாக் கையும் நிற்க வேண்டும். யாராவது “கை வுட்டுச்சு” என்று குரல் கொடுத்தால், மற்றவர்கள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டு ஜீனத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிடுமூஞ்சி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மதியம் அவள் தனியாகவே டப்பாவைத் திறப்பாள்.

போன வருஷம் வந்த புது மேனேஜர் விஜயராகவன், லைனில் ஒற்றுமை வளர வேண்டும் என்று ஜீனத், செல்வி உட்பட ஆறு பெண்களைக் காளி நதி ஓடும் தண்டேலிக்கு ராஃப்டிங் அனுப்பி வைத்தார், தானும் கூடவே வந்தார். கடலோரத்திலேயே பிறந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காத பெண்கள்! லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கையில் துடுப்போடு காளி நதியில் போனார்கள்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் நுரைத்துச் சரிந்த இடத்தில் ஆதிலட்சுமியின் துடுப்பு நழுவியது. “கை வுட்டுச்சு!” என்று அலறினாள். அவ்வளவுதான். மற்ற ஐந்து பேரும் துடுப்புகளைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். எல்லார் கண்ணும் ஜீனத் மேல். பின்னால் உட்கார்ந்திருந்த கைடு இந்தியில் கதறுகிறான், ஒருத்தியும் கையை இறக்கவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பிப் பாறையில் மோதி, ஆறு பேரையும் ஆற்றில் கொட்டியது.

செல்வி தண்ணீருக்குள் போனாள். ஜீனத்தான் அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டியைப் பிடித்து இழுத்தாள். கரையேறியதும் கைடு தலையில் கை வைத்துக்கொண்டு, ஒருத்தர் விட்டால் மற்றவர்கள் இன்னும் வேகமாகப் போட வேண்டும், நிறுத்தினால் ஆறு தூக்கிக்கொண்டு போய்விடும் என்றான். கரையில் நின்றிருந்த மேனேஜர் அதைத் தமிழில் சொன்னார். முதலில் ஆதிலட்சுமி சிரித்தாள். பிறகு எல்லாரும். ஈரத் துணியோடு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் ஜீனத்தை ஒருவர் கட்டிப்பிடித்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டில் ஆறு டப்பாக்கள் ஒன்றாகத் திறந்தன. பக்ரீத்துக்கு ஐந்து பேரும் இந்த மாடியேறி வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். இந்த வருஷம் கம்பெனி இல்லாமல் நாமே போவோம் என்று அன்றே கை அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு காலையில் ஜீனத் குளியலறையில் விழுந்தாள். கண் விழித்தபோது வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்தாள். அந்த யோசனையே அவளை அழவைத்தது. நெற்றி ரத்தத்தைத் தானே கழுவிக்கொண்டு பஸ் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். இதயத் துடிப்பு சரியில்லை, எப்போது வேண்டுமானாலும் மயக்கம் வரலாம், ஆறு குளம் பக்கமே போகாதீர்கள் என்றாள் டாக்டர். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, “வெளிய இருக்காங்க” என்று பொய் சொன்னாள். கம்பெனியில் முட்டி வலி என்று ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொண்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

டீயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

“வேன் பேசியாச்சுக்கா,” என்றாள் செல்வி. “ஆதிலட்சுமி அவ புருஷன்கிட்ட கோயிலுக்குப் போறோம்னு சொல்லிட்டா. இன்னா கோயிலுன்னு கேட்டா, காளின்னாளாம்!”

ஜீனத் சிரிக்கவில்லை. “நான் வரல செல்வி.”

“வெளாடாதக்கா.”

“முட்டி வலிக்குது.”

“படகுல உக்காந்துதான போவப் போற? நடந்தா போவப் போற? எண்ணெ நான் தேச்சு வுடறேன்.”

“எனக்குப் பதிலா நம்ம லைன் பார்வதி மக இனியாவ கூட்டிட்டுப் போங்க.”

“நல்லா சொன்ன போ. நீ வரலன்னா யாரும் போறதில்ல. நேத்தே பேசி முடிச்சிட்டோம்.” செல்வி டீயை ஊதினாள். “என் மாமியார பாத்துக்க நாத்தனார கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சிருக்கேன்க்கா. படுத்த படுக்கையா எத்தன வருஷம்! எனக்குன்னு நான் தூங்கி எழுந்தது போன வருஷம் அந்த ரெண்டு நாளுதான். ஆனாலும் நீ இல்லாம வேணாம்.”

ஜீனத் பயந்தது இதற்குத்தான். உண்மையைச் சொன்னால் ஐந்து பேரும் பயணத்தை நிறுத்திவிடுவார்கள். முறை வைத்து இந்த ஹாலில் வந்து உட்காருவார்கள். அந்தச் சுகத்துக்கு அவள் மனம் ஏங்காமல் இல்லை. ஐயோ, எவ்வளவு ஏங்கியது! ஒரு வார்த்தை போதும், செல்வி இப்போதே மடியில் கிடத்திக்கொள்வாள். ஆனால் செல்விக்குக் கிடைத்த அந்த இரண்டு நாள்?

“ஏண்டி, நான் உங்களுக்கெல்லாம் யாரு?” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “கம்பெனி அனுப்புச்சு, வந்தேன். மேனேஜர் பாத்துக்கினு இருந்தாரு, சிரிச்சேன். அதுக்குன்னு வருஷா வருஷம் உங்ககூட கூத்தடிக்கணுமா? அப்புறம் லைன்ல எவ என்ன மதிப்பா?”

செல்வி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். “அக்கா, இன்னா பேசற நீ?”

“உள்ளதத்தான்.”

“தண்ணிக்குள்ள போன என்ன இழுத்துப் போட்டியே. அதுவும் மேனேஜர் பாக்கறாருன்னுதானா?”

ஜீனத் சுவரைப் பார்த்தாள். “ஆமா.”

செல்வி எழுந்து செல்போனைப் பைக்குள் போட்டாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியதை அவள் துடைக்கவே இல்லை.

“சரிங்க மேடம்,” என்றாள். “நாங்க போறோம். இனியாவ ஏத்திக்கினு போறோம். நீங்க வரலன்னா ஆறு ஒண்ணும் வத்திப் போயிடாது.”

போறோம் என்கிற வார்த்தை கிடைத்துவிட்டது. அதற்கு விலையாகப் போனது அக்கா என்கிற வார்த்தை.

வாசலில் செல்வி செருப்பின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. உள்ளிருந்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருப்பவள் போலக் குனிந்தே நின்றாள். கதவைப் பிடித்துக்கொண்டிருந்த ஜீனத்துக்குக் கண் ஓரம் இருட்டத் தொடங்கியது. காதில் இரைச்சல். இப்போது செல்வி திரும்பிப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

“கெளம்பு, எனக்கு வேல இருக்கு,” என்றாள்.

செல்வி திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். கடைசிப் படியில் செருப்புச் சத்தம் ஓயும்வரை நின்ற ஜீனத், இரண்டு கைகளாலும் கதவைச் சாத்தி, அதன் மேலேயே சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.