மிளகாய்த்தூள் டின்னும் பஹாமாஸ் சட்டமும்

போன ஞாயிற்றுக்கிழமை பெல்மதுளையில் சிவலிங்கம் முதலாளி வீட்டில் எனக்கு மதியச் சாப்பாடு. பலசரக்குக் கடைக்காரர். பழைய சினேகிதர்.

என் தட்டில் நெருப்பு மாதிரி மீன் குழம்பு. அவர் தட்டில் தேங்காய்ப்பாலில் வைத்த வெள்ளைக் கறி. மருந்துக்குக்கூட மிளகாய் இல்லை.

வயிற்றில் புண்ணா என்று கேட்டேன். அவர் மனைவி ராஜி அக்கா அகப்பையோடு திரும்பினார்.

"புண்ணுமில்ல, ஒன்னுமில்ல தம்பி. தண்டன."

கதை இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் மகள், அப்பாவையும் அம்மாவையும் நான்கு நாள் உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பினாள். அக்கா சும்மா போவாரா? கப்பல் சாப்பாட்டில் உறைப்பே இருக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பெட்டிக்குள் ஒரு டின் மிளகாய்த்தூள்.

முதலாளியின் கவலை வேறு... மனைவியின் நீலக்கல் மோதிரம். இரண்டாம் நாள் காலை அக்கா அதைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். இவர் எடுத்து மிளகாய்த்தூளுக்குள் புதைத்துவிட்டு மேல்தளத்துக்கு நடந்துவிட்டார். கலவரக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கடைவீடுகளில் பழகிய வித்தை அது. எந்தக் கள்ளன் மிளகாய்த்தூளுக்குள் கை விடுவான்?

நல்ல யோசனைதான். மனைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கொஞ்ச நேரத்தில் அறையைத் துப்புரவு செய்ய வயான் வந்தார். இந்தோனேசியாக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். டின்னைப் பார்த்ததும் அவர் கண் மலர்ந்தது. கப்பல் சாப்பாட்டில் நாக்கு செத்துவிட்டது என்று ஜாடை காட்டினார். அக்காவுக்கு மனம் இளகிவிட்டது. டின்னை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் மோதிரத்தைத் தேடினார். காணவில்லை. அறைக்குள் வந்து போனதோ ஒரே ஆள்!

நம்ம ஊர்க்காரர் என்ன செய்வார்? அடையாள அட்டை தொலைந்தாலும் பொலிஸ், பக்கத்து வீட்டுக் கோழி கீரையைக் கொத்தினாலும் பொலிஸ். பொலிஸ் புத்தகத்தில் ஒரு என்ட்ரி போட்டால்தான் நமக்கு மனம் ஆறும். அக்கா நடுக்கடலில் பொலிஸ் ஸ்டேஷன் தேடினார்.

கிடைத்தவர் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி, நாகர்கோவில்காரர். தமிழ் பேசும் ஆள் அகப்பட்ட தைரியத்தில் அக்கா ஒரு முழுப் பக்கம் சொல்லி எழுதுவித்தார். பிறகுதான் கேட்டார், இது எந்தப் பொலிசுக்குப் போகும் என்று.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். கப்பல் பஹாமாஸில் பதிவானது. நடுக்கடலில் கப்பல் எந்த நாட்டுக் கொடி கட்டியிருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டம். துறைமுகத்துக்குள் நுழைந்தால் அந்தத் துறைமுக நாட்டுச் சட்டமும் வந்து சேரும். போதாததற்கு, டிக்கெட்டில் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகள் வேறு...

சட்டம் படித்தவருக்கே தலை சுற்றும். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த அக்காவுக்குச் சுற்றவில்லை.

"வெளங்குதுங்க சேர். தோட்டத்துக்குள்ள தொர சட்டம். ரோட்டுல எறங்குனா பொலிஸ்."

எந்த வக்கீல் இவ்வளவு சுருக்கமாகச் சொல்வார்?

அந்த நேரம் பார்த்து முதலாளி ஐஸ்கிரீமோடு வந்து சேர்ந்தார். வயானின் அறையைச் சோதிக்கப் போகிறார்கள், மோதிரம் அகப்பட்டால் வேலை போய்விடும், கேஸ் பஹாமாஸ் வரைக்கும் போகலாம் என்று அக்கா மூச்சு விடாமல் சொன்னார். கடைசியில் ஒரு பெருமூச்சு.

"மொளகாத்தூளு டின்ன வேற தூக்கிக் குடுத்தேங்க, அந்த மனுசனுக்கு."

ஐஸ்கிரீம் முதலாளியின் கையில் வழிந்தது.

பொய் என்ட்ரி போட்டால் உள்ளே தள்ளுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எந்த நாட்டு மறியல் கம்பிக்குள்? பஹாமாஸ் எந்தத் திசையில் இருக்கிறது? அங்கே யார் சோற்றுப் பார்சல் கொண்டு வருவார்கள்? வாயைத் திறக்காமல் பின்னால் நடந்தார். அதிகாரி முன்னே. வயான் நடுவில், தலையைக் குனிந்தபடி. நீளமான நடைபாதை.

வயானின் அறைக் கதவில் சாவி நுழைந்தபோதுதான் முதலாளிக்குக் குரல் வந்தது.

"சேர், கொஞ்சம் நில்லுங்க. ஒளிச்சு வச்ச கள்ளன் நான்தான்."

டின்னைக் கவிழ்த்தார்கள். மோதிரம் சிவப்பாக வெளியே வந்தது. எல்லோருக்கும் தும்மல். வயானுக்குக் கண்ணீரும் வந்தது. மிளகாய்க்கா, வேறெதற்கா... யாரும் கேட்கவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொரி, சமாவென்ன, மன்னிச்சுக்குங்க என்று தனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் சொன்னார். மிளகாய்த்தூளை மறுபடி டின்னில் அள்ளி அவரிடமே கொடுத்தார். அதிகாரி என்ட்ரியை வெட்டினார். பஹாமாஸுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பிறகு ஏன் இந்த வெள்ளைக் கறி?

"ஒளிச்சதுக்கு இல்ல தம்பி," என்றார் அக்கா. "அந்த மனுசன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்தாரு. எல்லாம் தெரிஞ்சும் இவரு கதவு வரைக்கும் பேசாம வந்தாரு பாருங்க... அதுக்கு."

அக்கா அடுப்படிக்குள் போனதும், மேன்முறையீடு செய்து பார்க்கலாமே என்று முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவர் வெள்ளைக் கறியைப் பிசைந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"இங்க எந்தக் கொடி பறக்குதுனு தெரியலையா தம்பி?"