தோளுக்கு எடுத்த ஸ்கேன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளில் மலேசியாவில் கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினேன். என்னோடு வெட்டிய விதவை பாக்கியத்துக்குத் தோள்வலி. சிரம்பான் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் என்றால் எங்களுக்குக் கர்ப்பம்தான்.

“புருசன் செத்து மூணு வருசமாச்சு, இவளுக்கு எதுக்குலா ஸ்கேன்?” என்று, பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கூசிப்போய் அவள் ஸ்கேனுக்குப் போகவே இல்லை.

ஆறு மாதத்தில் அவள் கை கத்தியைத் தூக்க முடியாமல் போனது. நானே அழைத்துப் போனேன். டாக்டர் தோளில் கருவியை வைத்து, கிழிந்த தசைநாரைத் திரையில் காட்டினார். முன்பே வந்திருந்தால் தைத்திருக்கலாம், இனி சேராது என்றார்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். “நல்லா பாத்துக்கக்கா. புள்ள இல்லதானே?”

அந்தக் கையை எடுத்தது என் வாய்தான்.

மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் மண்டோர் அவள் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.