அம்மாவின் முழங்காலும் உப்பிய கன்னமும்

விடிகாலைத் தொழுகைக்கு அம்மா எழும்போது முழங்கால் 'மளுக்'கென்று சத்தம் போடும். அடுத்து, சுவரைத் தேடும் கை. விழுந்துவிடக் கூடாதே என்று போர்வைக்குள் மூச்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்...

தொண்ணூறுகளின் தொடக்கம், கூத்தாநல்லூர். நான் எட்டாவது படித்தேன். அத்தா சபுரில் இருந்தார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா விழுந்தால் தூக்க நான்தான்.

காலையில் அம்மாவின் விரல்கள் மடங்காது. முழங்கால் வீங்கியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுவார். அது அவருக்குப் பெரிய குறை.

அப்போதுதான் எதிர்வீட்டு ரஹிமா மாமி ஒரு மெடிக்கலில் வாங்கிய மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தார். காகிதத்தில் மடித்த, பெயரில்லாத மாத்திரைகள். சில நாட்களிலேயே அம்மா பாயை விரித்து, நெற்றியைத் தரையில் வைத்துத் தொழுதார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

பொட்டலம் தொடர்ந்தது. மெல்ல கன்னம் உருண்டது.

"சபுரு காசு கன்னத்துல தெரியுதுடி," என்று மாமி சிரித்தார்.

"கண்ணு வைக்காதீங்க மாமி," என்றார் அம்மா, வெட்கத்தோடு.

எனக்கு மட்டும் பயம். முகம் பெருக்கப் பெருக்க, கை இளைத்து வளையல் முழங்கை வரை ஏறியது. லேசாக இடித்தாலும் தோல் கன்றியது. நூலகத்தில் உடல்நலப் புத்தகங்களைப் புரட்டினேன். முகம் வீங்க ஏகப்பட்ட காரணங்கள்... ஒவ்வொன்றும் முந்தையதைவிட மோசம்.

"டாக்டர்கிட்ட போவோம்மா."

"வலி இருந்தப்பவே போகல. இப்ப எதுக்குடி?"

கடைசியில் எனக்குத் தலைவலி என்று சொல்லித் திருவாரூருக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீங்க என்னம்மா மாத்திரை சாப்பிடுறீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இவளுக்குத்தான் தலைவலி."

நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை...

ஸ்டீராய்டாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். வலியை அமுக்கும், எலும்பை அரிக்கும், மூட்டில் நோய் அப்படியே இருக்கும். "ஆனா சட்டுனு நிறுத்திடாதீங்கம்மா, அது இன்னும் ஆபத்து. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்."

இரத்தப் பரிசோதனையில் முடக்குவாதம் என்று தெரிந்தது.

மாத்திரை குறையக் குறைய முகம் வற்றியது. வலியும் திரும்பி வந்தது. புது மருந்து பலன் தரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை அம்மா முனகும்போதெல்லாம், வலியைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிவந்தவள் நான்தான் என்று தோன்றும்.

இப்போது நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். அம்மாவுக்கு முறையான மருந்து, அவ்வப்போது பரிசோதனை, தொடை வலுவுக்குப் பயிற்சி எல்லாம் இருக்கின்றன. விரல்கள் கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் தானே சமைக்கிறார். நாற்காலியில் தொழுகிறார்.

போன வாரம் வீடியோ காலில் அந்தப் பொட்டல மாத்திரை நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

"உன்ன ஒண்ணும் சொல்லலடி," என்றார் அம்மா. "ஆனா என் காலு என் காலா இருந்தது அப்பத்தான்."