டம்ப் மண்ணும் விறகுப் புகையும்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறோம். என் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல்தூசி படிந்த நுரையீரல். கேஸ் சமையலுக்கே போதாது என்பதால் குளிக்க விறகில்தான் தண்ணீர் காய்ச்சுவேன். புகையே கூடாது என்று டாக்டர் சொன்னதும், பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகும் மகள் கூரையில் சோலார் ஹீட்டர் வைத்தாள். அவர் இருமலும் குறைந்தது.

ஆடிக் காற்று தொடங்கியதும் தண்ணீர் சரியாகச் சுடவில்லை. சோலார் கெட்டுவிட்டதென்று நினைத்தேன். ஒரு ஞாயிறு காலை, தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மண்மேடான டம்ப்பிலிருந்து மண் பறந்து வந்தது. வழக்கம்போல் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அவர் குளிக்கத் தண்ணீர் காய்ச்சப் பழைய விறகடுப்பைப் பற்றவைத்தேன். மண்ணுக்குப் பயந்து புகையை உள்ளே பூட்டிவிட்டேன்.

"இன்னாமே... மூச்சு..." என்றபடி அவர் சுவரோரம் சரிந்தார். உதடு நீலமாகிவிட்டது. மகள் ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகுதான் பேச்சு வந்தது.

வீடு திரும்பியதும் மகள் கூரைமேல் ஏறிப் பார்த்தாள்.

"அம்மா, சோலார் கெடல. கண்ணாடி பூரா டம்ப் மண்ணு அப்பினு கீது."

துடைத்தாள். மறுநாள் கை வைக்க முடியாத சூடு.

அடுப்பை இடித்துவிட்டேன். காற்றுக் காலத்தில் தினமும் வெயிலுக்கு முன்பே ஏறிக் கண்ணாடியைத் துடைக்கிறேன். அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வார். துணியைப் பிழிந்தால் சாம்பல்நிறத் தண்ணீர் வரும். ஒருநாள் அதைப் பார்த்துச் சொன்னார்:

"உள்ள கீறதையும் இப்டி தொடைக்க முடிஞ்சா நல்லாருக்கும்மே."

நான் துணியை மறுபடி நனைத்தேன்.